கமிஷன் பெற்று எழுதுவோர் எழுதவேண்டுவது யாது?

நெய்வதற்கு ஒரு திறமை வேண்டும். நெய்த துணியை விற்பதற்கு மற்றொரு திறமை வேண்டும். முன்னதில் நம் அங்கத்தினர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பின்னதிலோ நாம் பெரும்பாலும் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கிறோம். விளைவிப்போர் நிலையும் இதுவேயாகும். மஞ்சளைப் பயிரிட்டு, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, மூட்டையாகக் கட்டும்வரை உழவர் கையிலேயே இருக்கும் பொருள், விலை பேசும் இடத்தில் அவர் கையைவிட்டு நழுவிவிடுகிறது.

அண்மைக் காலத்தில் ஒரு விற்பனை முறை பரவிவருகிறது. கடை வைக்காத ஒருவர், சரக்கு வாங்கி அடுக்காத ஒருவர், ஏதேனும் ஒரு பொருளைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறார். அவர் எழுத்தைப் படித்தவர் அப்பொருளை வாங்கினால், விற்பவர் விலையில் ஒரு பங்கை எழுதியவருக்குக் கமிஷனாகக் கொடுக்கிறார். எழுத்து அச்சில் வந்தாலும் கைபேசித் திரையில் வந்தாலும் முறை ஒன்றுதான்.

இதுபற்றி நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் இருவகைக் கேள்விகள் எழுகின்றன. "நம் சரக்கைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்திருக்கிறார், அவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா?" என்பது நிர்வாகிகளின் கேள்வி. "எங்கள் வீட்டுப் பிள்ளை படித்துவிட்டு இருக்கிறான், இவ்வாறு எழுதிச் சம்பாதிக்க இயலுமா? எதை எழுதுவது?" என்பது அங்கத்தினர்களின் கேள்வி. இவ்விரண்டிற்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையின் அமைப்பு

எழுதுபவர் ஒவ்வொருவருக்கும் விற்பவர் ஒரு குறி எண்ணைக் கொடுப்பார். வாங்குபவர் அக்குறியைச் சொல்லியோ, அக்குறியின் வழியே வந்தோ பொருளை வாங்கும்போது, அவ்விற்பனை இன்னார் எழுத்தால் வந்தது என்று கணக்கில் பதிவாகும். பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்குரிய நாட்கள் கழிந்த பின்னரே கமிஷன் உறுதியாகும். திரும்பி வந்த சரக்கிற்குக் கமிஷன் இல்லை. அமெரிக்க நாட்டில் அப்போது புத்தக வியாபாரமாக இருந்த அமேசான் நிறுவனம் 1996-ஆம் ஆண்டில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அதன் பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது.

கமிஷன் முறை புதிதாயினும், பயனுள்ள எழுத்தினால் விற்பனையை வளர்க்கும் வழி பழையதே. கலப்பை முதலிய கருவிகளைச் செய்துவந்த அமெரிக்க ஜான் டீர் நிறுவனம் 1895-ஆம் ஆண்டில் உழவர்களுக்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கிற்று. மண், பயிர், பண்ணை நிர்வாகம் ஆகிய விஷயங்களை அது பேசியது. பிரெஞ்சு தேசத்தில் மோட்டார் வண்டிகள் மிகச் சிலவே ஓடிய காலத்தில், 1900-ஆம் ஆண்டில், மிஷலின் என்னும் டயர் கம்பெனியார் ஒரு கையேட்டை அச்சிட்டு இலவசமாக வழங்கினர். டயரை மாற்றுவது எப்படி, பழுது பார்க்கும் இடங்கள் எங்குள்ளன, வழியில் தங்குவதற்கு விடுதி எங்கே கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் இருந்தன. வண்டியோட்டுவோர்க்கு வழி தெரிந்தால் வண்டி மிகுதியாக ஓடும். வண்டி ஓடினால் டயர் தேயும். தேய்ந்தால் புதிய டயர் வேண்டும். கம்பெனியார் கணக்கு இதுதான். 1920-ஆம் ஆண்டு முதல் அக்கையேட்டை விலைக்கே விற்றார்கள். மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. பொருளை வாங்காதவனுக்கும் பயன்படும் எழுத்துத்தான் வாங்குபவனைக் கொண்டுவருகிறது. இதை மறந்து, "வாங்குங்கள், வாங்குங்கள்" என்று எழுதப்படுவது வெறும் நோட்டீஸ் ஆகிவிடும். நோட்டீஸைத் தேடிப் படிப்பவர் எவருமில்லை.

துறையைச் சுருக்குதல்

புதிதாக எழுதத் தொடங்குபவர் செய்யவேண்டிய முதற் காரியம், தாம் எழுதும் துறையைச் சிறியதாகத் தேர்ந்துகொள்வதாகும். "துணி" என்பது கடல். "கைத்தறித் துணி" என்பதும் பெரிய ஏரியே. "ஜமக்காளம்" என்றால் ஒரு கிணற்றளவு. அதில் இறங்கி அடிவரை பார்த்துவிடலாம். பெரிய துறையில் பெரிய கம்பெனிகள் பணம் செலவிட்டு எழுதுவிக்கின்றன; அங்கே ஒரு தனி மனிதனின் குரல் எடுபடாது. சிறிய துறையில், அதை நன்கறிந்தவன் சொல்லுக்கு மதிப்புண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் இங்கேதான் அனுகூலம் இருக்கிறது. நகரத்திலுள்ள எழுத்தாளர் விசாரித்து அறியவேண்டியதை இவர்கள் திண்ணையிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்.

துறையைத் தேர்வதற்கு மூன்று சோதனைகள் கூறலாம். முதலாவது, அப்பொருளை எழுதுபவர் தாமே கையாண்டு அறிந்திருக்கிறாரா? இரண்டாவது, அதை வாங்குவோருக்கு வாங்குமுன் சந்தேகங்கள் உண்டா? உப்பு வாங்குவதற்கு எவரும் கட்டுரை படிப்பதில்லை. பட்டுப் புடவை வாங்குமுன் பத்துப் பேரைக் கேட்கிறார்கள். மூன்றாவது, பொருளின் விலை கமிஷனைத் தாங்குமா? இம்மூன்றிற்கும் "ஆம்" என்று விடை வந்தால் துறை தகுதியானது.

இவற்றோடு எளிய பரீட்சை ஒன்றும் உண்டு. ஒரு தாளை எடுத்து, அப்பொருளைப் பற்றி வாங்குவோர் உண்மையில் கேட்கக்கூடிய கேள்விகள் இருபதை எழுதிப் பார்க்கவேண்டும். பத்துக் கேள்விகளுக்கு மேல் வராவிடில், துறை மிகவும் சிறியது. அல்லது எழுதுபவருக்கு அதில் போதிய பழக்கமில்லை. சங்கத்தின் விற்பனைக் கூடத்தில் ஒருநாள் முழுவதும் உட்கார்ந்து, வருவோர் கேட்பதைக் குறித்துக்கொண்டால் இக்கேள்விகள் தாமே கிடைத்துவிடும். அக்குறிப்பே ஓராண்டுக் கட்டுரைகளுக்கு விதை நெல்லாகும்.

நான்கு வகைக் கட்டுரைகள்

பவானி ஜமக்காளத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காவிரியும் பவானியும் கூடும் அவ்வூரின் பெயரைத் தாங்கிய இவ்விரிப்பு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதைப் பற்றி எழுதத் தொடங்குபவர் தம் கட்டுரைகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, பொருளை அறிவிப்பது. ஜமக்காளம் என்பது எத்தகைய நூலால் நெய்யப்படுவது? தடித்த பருத்தி நூலில் வண்ணப் பட்டைகளாக நெய்வதற்கும், மெல்லிய செயற்கைப் பட்டு நூலைக் கொண்டு கரையில் பூவேலை செய்வதற்கும் வேறுபாடு என்ன? நூலின் நம்பர் என்பது யாது? இக்கடைசிக் கேள்விக்கு நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் விடை கூறுவர். வாங்குவோரில் பலருக்கு அது தெரியாது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே பருத்தி நூலின் நம்பர். ஆகவே 20-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 16,800 கெஜம் ஓடும். 100-ஆம் நம்பர் நூல் 84,000 கெஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். இவ்வளவை விளக்கினாலே, விரிப்பிற்குத் தடித்த நூல் ஏன் வேண்டும், கோடைக்காலப் புடவைக்கு மெல்லிய நூல் ஏன் வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெளிவாகிவிடும்.

இரண்டாம் வகை, தேர்ந்தெடுக்க உதவுவது. நான்கு பேர் உட்காருவதற்கு எந்த அளவு ஜமக்காளம் போதும்? கல்யாண மண்டபத்திற்கு எது ஏற்றது? கைத்தறியில் நெய்ததா, விசைத்தறியில் நெய்ததா என்று அறிவது எப்படி? பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று சோதிப்பது எப்படி? ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரிவது போன்ற மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். இதைச் சொல்லும்போதே இதன் எல்லையையும் சொல்லவேண்டும். இச்சோதனை நூலின் வகையைக் காட்டுமேயன்றித் தறியின் வகையைக் காட்டாது. கைத்தறி என்பதற்கு, 2006-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஏற்படுத்திய கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவதும், சங்கத்தின் ரசீதைக் கேட்டு வாங்குவதும் நல்ல வழிகளாகும்.

மூன்றாம் வகை, வாங்கியபின் காப்பது. முதல் தடவை தனியாகத் துவைக்கவேண்டும், நிழலில் உலர்த்தவேண்டும், ஈரம் முற்றிலும் போனபின் மடித்து வைக்கவேண்டும், நெடுநாள் பெட்டியில் இருக்குமாயின் மடிப்பை இடையிடையே மாற்றவேண்டும். இத்தகைய கட்டுரைகளால் உடனே விற்பனை வராது. ஆயினும் இவற்றைப் படித்தவர் திரும்பி வருவார். திரும்பி வருபவரே வாங்குபவர்.

நான்காம் வகை, பொருள் பிறந்த இடத்தையும் அதைச் செய்வோரையும் காட்டுவது. தறி எப்படி இயங்குகிறது, பாவு எப்படி ஓட்டப்படுகிறது, ஒரு விரிப்பு முடிய எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்பவற்றை எழுதலாம். இங்கே இரக்கத்தைத் தூண்டி விற்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அதை நாம் விரும்பவில்லை. நெசவாளர் தொழில் வல்லவர். அவர் துணியை அதன் தரத்திற்காக வாங்கச் செய்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. இரக்கப்பட்டு வாங்கியவர் ஒரு முறை வாங்குவார். தரம் கண்டு வாங்கியவர் மகள் கல்யாணத்திற்கும் வந்து வாங்குவார்.

மஞ்சளைப் பற்றி எழுதுபவரும் இதே நான்கு வகையைக் கொள்ளலாம். விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் வேறுபாடு, வீட்டில் அரைப்பதற்கு ஏற்றது எது, வண்டு பிடிக்காமல் வைப்பது எப்படி, 2019-ஆம் ஆண்டில் ஈரோட்டு மஞ்சளுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் பொருள் என்ன என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன.

எதை முதலில் எழுதுவது? முதல் வகையையும் மூன்றாம் வகையையும் முதலில் எழுதவேண்டும். அறிவிப்பதும் காப்பதுமாகிய கட்டுரைகள் எட்டோ பத்தோ வெளிவந்தபின், தேர்ந்தெடுக்கும் கட்டுரைகளை எழுதி, அவற்றில் இன்ன பொருளை இன்ன இடத்தில் வாங்கலாம் என்று காட்டலாம். அறிமுகமாகாதவர் வந்தவுடன் சரக்கை நீட்டினால் நாம் கதவைச் சாத்துகிறோம் அல்லவா? படிப்பவரும் அப்படியே.

ஒரு கட்டுரையை அமைக்கும் விதம்

வாங்குபவர் கேட்கும் கேள்வியையே தலைப்பாக வைக்கவேண்டும். விடையை முதற் பத்தியிலேயே கூறிவிடவேண்டும். பின்னர் காரணம், பின்னர் விலக்கு, இறுதியில் விலையும் கிடைக்குமிடமும். விடையை ஒளித்து வைத்துப் படிப்பவரைக் கடைசி வரை இழுத்துச் செல்வது அவர் பொழுதை வீணாக்குவதாகும்.

இரண்டு மாதிரிகளைக் காண்போம். "பாரம்பரியம் மிக்க, தலைசிறந்த, கண்ணைக் கவரும் ஜமக்காளம். இன்றே வாங்குவீர்!" என்பது ஒன்று. "இவ்விரிப்பு ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ளது. பருத்தி நூலில் இருபுறமும் விரிக்கும்படி நெய்தது. கனமானது, துவைத்தால் உலர நேரமாகும். உலர்த்த இடமில்லாத சிறு வீடுகளில் இதனினும் சிறிய அளவை வாங்குவது நலம்" என்பது மற்றொன்று. முதலாவதில் ஒரு செய்தியும் இல்லை. எந்தப் பொருளுக்கும் அதையே எழுதலாம். இரண்டாவதில் நீளமும் அகலமும் இருக்கின்றன, குறையும் இருக்கிறது. குறையைச் சொன்னதால் விற்பனை போய்விடும் என்று அஞ்சவேண்டுவதில்லை. குறையைச் சொன்னவர் நிறையைச் சொல்லும்போது நம்புகிறோம். அன்றியும், தமக்கு ஏற்காத பொருளை வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்புவார். கமிஷனும் திரும்பிப் போகும். சங்கத்திற்குக் கூலிச் செலவும் மிஞ்சும்.

கையாலே தொடாத பொருளைத் தொட்டதுபோல் எழுதக்கூடாது. பிறர் எழுதியதைப் பெயர்த்து எழுதுவதும் கூடாது. இக்காலத்தில் கேட்ட மாத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை மொழியைத் திருத்த உதவலாம். ஆனால் சாயம் போயிற்றா இல்லையா என்பதைத் துவைத்துப் பார்த்தவரன்றி வேறெவரும் சொல்ல இயலாது.

வருவாய் பற்றிய கணக்கு

இதில் கிடைக்கும் வருவாயைப் பற்றி மிகையான பேச்சுகள் உலவுகின்றன. ஆகையால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொள்ளும் கணக்கே. ஒரு கட்டுரையை மாதம் 1,000 பேர் படிக்கிறார்கள். அவர்களில் 40 பேர் பொருளைப் பார்க்கச் செல்கிறார்கள். அந்த 40 பேரில் 3 பேர் வாங்குகிறார்கள். விரிப்பின் விலை 1,500 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 8. ஒரு விரிப்புக்கு 120 ரூபாய் வீதம் 360 ரூபாய் ஆயிற்று. மூவரில் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டால் 240 ரூபாய்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. ஒன்று, ஒரு கட்டுரையால் வயிறு நிரம்பாது. பல கட்டுரைகள் நெடுநாள் நின்று பயன் தரவேண்டும். தென்னங்கன்று நட்டவன் மறுநாளே தேங்காய் பறிக்க ஏணி தேடுவதில்லை. வேலையிலிருந்து விலகி இதையே நம்பி இறங்குவது விவேகமன்று. வேறு தொழிலோடு சேர்த்துத் தொடங்குவதே தக்கது. மற்றொன்று, ஆயிரவரை ஈராயிரவராக்குவதைவிட, வாங்கிய மூவரும் திருப்பிக் கொடுக்காதபடி உள்ளதை உள்ளபடி எழுதுவது எளிது.

ஆசை காட்டும் குறுக்குவழி

இத்தொழிலில் ஒரு சோதனை நிச்சயமாக வரும். கைத்தறி விரிப்புக்கு நூற்றுக்கு 8 கமிஷன் என்றால், அதைப்போலவே தோன்றும் விசைத்தறி விரிப்புக்கு நூற்றுக்கு 15 தருகிறேன் என்று ஒருவர் வருவார். "பவானி மாதிரி" என்று எழுதச் சொல்வார். பிறகு "மாதிரி" என்ற சொல்லையும் எடுத்துவிடச் சொல்வார்.

ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட விவரங்களுக்குட்பட்டுக் கைத்தறிக்கென ஒதுக்கி வைப்பதற்காகவே 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. சட்டத்தால் கொடுத்த காப்பை ஒரு சொல்லால் எடுத்துவிடலாம். எழுத்தை நம்பி விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று வாங்கியவர், அது விரைவில் நைந்தபோது, "கைத்தறியே இப்படித்தான்" என்பார். ஏமாற்றியவர் பெயரை அவர் அறியார். நெய்யாத துணிக்காக நெசவாளர் பழி ஏற்பார். நெசவாளர் குடும்பத்திலிருந்து எழுத வந்தவர் இதைச் செய்வாராயின், தம் வீட்டுத் தறியின் பாவைத் தாமே அறுத்தவராவார்.

மஞ்சள், தேன், மூலிகை முதலியவற்றைப் பற்றி எழுதுவோர்க்கு வேறொரு சோதனை உண்டு. "இது இன்ன நோயைத் தீர்க்கும்" என்று எழுதினால் சரக்கு வேகமாகப் போகும். சில நோய்களைத் தீர்க்கும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. உணவுப் பொருளைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்வோர்க்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, நம் எழுத்தை நம்பி ஒருவர் மருத்துவரிடம் போகாதிருந்தால் அந்தப் பாவத்திற்கு எந்தக் கமிஷனும் ஈடாகாது.

கமிஷனை வெளிப்படையாகக் கூறுதல்

கமிஷன் பெறுவது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான வழியில் செலுத்தும் விளம்பரத்திற்காகப் பொருளைச் செய்வோர் மீது மட்டுமன்றி, அதைப் பரிந்துரைப்போர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை விதிக்கலாம். பரிந்துரைப்பவர் ஓராண்டு வரையும், மீண்டும் தவறினால் மூன்றாண்டு வரையும் பரிந்துரை செய்யாதபடி தடுக்கவும் இடமுண்டு. தாம் பரிந்துரைக்கும் பொருளின் உண்மையைத் தக்கபடி விசாரித்து அறிந்தவருக்கு இச்சட்டம் பாதுகாப்பும் அளிக்கிறது. ஆகையால் விசாரித்ததற்கான குறிப்புகளை எழுதுபவர் பத்திரப்படுத்தி வைப்பது நன்று.

2022-ஆம் ஆண்டில் வெளிவந்த வழிகாட்டு விதிகள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளியிடவேண்டும் என்று கூறுகின்றன. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, அவ்வறிவிப்பு கண்ணில் படும்படியும் எளிய நடையிலும் இருக்கவேண்டும் என்று விளக்கியது. கட்டுரையின் கடைக்கோடியில் பொடி எழுத்தில் போடுவது இதற்கு ஒவ்வாது. கட்டுரை தமிழில் இருந்தால் அறிவிப்பும் தமிழில் இருக்கட்டும். தலைப்பின் கீழேயே, "இக்கட்டுரையில் கூறப்படும் பொருளை நீங்கள் இக்குறியைச் சொல்லி வாங்கினால், விற்கும் சங்கம் எமக்குக் கமிஷன் தரும், உங்களுக்கு விலை கூடாது" என்று இரண்டு வரி எழுதினால் போதும். விலை கூடுமாயின் அதையும் சொல்லவேண்டும்.

சங்கங்கள் கவனிக்கவேண்டியவை

நிர்வாகிகளுக்கு நம் யோசனைகள் பின்வருமாறு:

1. கமிஷன் கொடுப்பதென்பது நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் ஆகவேண்டும். செயலாளர் வாய்மொழியால் ஆகக்கூடாது. வீதம் எவ்வளவு, எந்தச் சரக்குகளுக்கு, எத்தனை நாளில் கொடுப்பது என்பன தீர்மானத்தில் இருக்கவேண்டும்.

2. கமிஷன் விற்பனைச் செலவைச் சேர்ந்தது. அதை நெசவாளர் கூலியிலிருந்தோ, உழவருக்குக் கொடுக்கும் கொள்முதல் விலையிலிருந்தோ பிடிக்கக்கூடாது. லாப விகிதம் தாங்காத சரக்கைத் திட்டத்தில் சேர்க்கவேண்டாம். தள்ளுபடி நடக்கும் காலத்தில் தள்ளுபடியும் கமிஷனும் சேர்ந்து அடக்க விலையைக் கடிக்கின்றனவா என்பதை முன்னதாகவே பார்க்கவேண்டும்.

3. எழுதுபவர் ஒவ்வொருவருடனும் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். பொய் கூறினால் கமிஷன் நிற்கும் என்பதும், கமிஷன் பெறுவதை வெளியிடவேண்டும் என்பதும் அதில் தெளிவாக இருக்கவேண்டும்.

4. குறி எண், விற்பனைத் தேதி, ரசீது எண், தொகை, திரும்பிய சரக்கு, கொடுத்த கமிஷன் ஆகியவற்றிற்குத் தனிப் பதிவேடு வேண்டும். பதிவேடு இல்லாத கமிஷன் தணிக்கையில் நிற்காது.

5. நிர்வாகக் குழுவினரின் உறவினர் எழுதுவதாயின் அது குழுவில் அறிவிக்கப்படவேண்டும்; பிறருக்கு உள்ள வீதமே அவருக்கும்.

6. எழுதுவோர்க்கு ஒவ்வொரு சரக்கிற்கும் ஒரு விவரத் தாளைச் சங்கமே கொடுக்கவேண்டும். நூல் வகை, நம்பர், நீள அகலம், எடை, சாயம், துவைக்கும் முறை, விலை ஆகியன அதில் இருக்கட்டும். விவரம் கொடுக்காதவிடத்தில்தான் கற்பனை நுழைகிறது.

7. எழுத்தில் தவறு கண்டால் உடனே திருத்தச் சொல்லவேண்டும். நமக்கு அனுகூலமான தவறாயினும் திருத்தவே வேண்டும்.

முடிவுரை

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில், டோட் லேன் என்னும் தெருவில், 28 அங்கத்தினர்களைக் கொண்ட ஒரு சங்கம் தன் கடையைத் திறந்தது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என மிகச் சில சரக்குகளே அன்று அங்கே இருந்தன. மாவில் கலப்படமும் நிறையில் குறைவும் மலிந்திருந்த அக்காலத்தில், கலப்பில்லாத சரக்கையும் சரியான நிறையையும் கொடுப்பது என்ற உறுதியே அச்சங்கத்தின் முதலாக இருந்தது. கூட்டுறவு இயக்கம் அந்த உறுதியிலிருந்து வளர்ந்தது.

இன்று நம் சரக்கோடு சொல்லும் சேர்ந்து விலையாகிறது. மாவில் சுண்ணாம்பைக் கலப்பதும், விரிப்பைப் பற்றிய எழுத்தில் பொய்யைக் கலப்பதும் ஒரே தன்மையன. நம் சங்கங்களின் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரட்டும். தாம் அறிந்த சிறு துறையை எடுத்துக்கொண்டு, வாங்குவோர் கேள்விகளுக்கு நேரான விடை எழுதட்டும். கமிஷனை வெளிப்படையாகப் பெறட்டும். அடுத்த மகாசபைக் கூட்டத்திற்கு முன்பாக, ஒவ்வொரு சங்கமும் தன் சரக்கு ஒன்றிற்கேனும் விவரத் தாள் ஒன்றைத் தயாரித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எழுதுகிறவர் வரும்போது அவர் கையில் முதலில் கொடுக்கவேண்டியது அதுவே.